பூனை இருந்த வீட்டுக்கு நாய் வந்த கதை

ஆறு வாரங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கரவண்டியில் புறப்பட்ட காகிதப் பெட்டியொன்று வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் நான்காம் தளத்துக்கு வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் எட்டு வாரமே நிரம்பிய நாய்க்குட்டி. மகளின் தோழி வீட்டில் பிறந்த ஐந்து குட்டிகளில் கடைசியாக எஞ்சியது. எங்கள் வீட்டிலோ ஒன்பது ஆண்டுகளாக இரண்டு பூனைகள் உரிமையோடு வாழ்கின்றன. மூத்தவள் கறுப்பி, இளையவன் சாம்பலன். பெட்டியைத் திறந்து பார்த்த மனைவி ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்டார்: "அதுகளுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் உழைத்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லோரும் உண்மையென்று ஒப்புக்கொண்ட ஒன்றைக் கேட்டால், அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கத் தோன்றும். "நாயும் பூனையும் போல" என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பகை உண்மையிலேயே பிறவிப் பகைதானா? இந்தக் கேள்வியோடு ஆறு வாரங்களாகப் பழைய புத்தகங்களையும் எங்கள் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்து வருகிறேன். கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மனிதனின் வீட்டுக்கு முதலில் வந்தது நாய்தான். ஜேர்மனியில் பொன் நகருக்கு அண்மையிலுள்ள ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களோடு ஏழு மாதம்கூட நிரம்பாத ஒரு நாய்க்குட்டியும் கிடந்தன. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அது நாய்களைத் தாக்கும் கடும் நோயொன்றினால் பல வாரங்கள் துன்புற்றதற்கான அடையாளங்களைக் கண்டனர். யாரோ பராமரிக்காமல் அக்குட்டி அவ்வளவு காலம் உயிர் தரித்திருக்க முடியாது என்பது அவர்களுடைய முடிவு. நோயுற்ற குட்டியால் வேட்டைக்குப் பயன் ஏதுமில்லை. ஆயினும் ஒருவர் அதற்கு நீர் ஊற்றியிருக்கிறார்.

பூனை பின்னர் வந்தது. சைப்பிரஸ் தீவில் ஷிலூரோகம்போஸ் என்னுமிடத்தில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகில், அரை மீற்றர்கூட இடைவெளியின்றி, எட்டு மாதப் பூனையொன்று புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் உலகுக்கு அறிவித்தனர். அத்தீவில் இயற்கையாகப் பூனையினம் இருக்கவில்லை. எனவே யாரோ படகில் ஏற்றிக் கொண்டு வந்திருக்க வேண்டும். தானியம் சேர்த்த மனிதனைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

இவ்விரண்டு வருகைகளுக்கும் இடையில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. வந்த நோக்கங்களும் வேறு. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழ்வது, ஓடுவதைத் துரத்துவது. பூனையின் மூதாதையான ஆபிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடுவது. தன்னிலும் பெரிய விலங்குக்குத் தானே இரையாகக் கூடியதாகையால் துரத்தப்பட்டால் ஓடுவது. ஒன்று ஓடினால் மற்றது துரத்துகிறது. மற்றது துரத்தினால் முதலாவது ஓடுகிறது. இதில் வன்மம் இல்லை, இரண்டு பழக்கங்கள் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன, அவ்வளவுதான். போதாக்குறைக்கு இரண்டினதும் மொழி வேறு. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலை அடித்தால் எரிச்சல். பெட்டியிலிருந்து இறங்கிய குட்டி வாலை ஆட்டியபடி கறுப்பியை நோக்கி ஓடியபோது, இந்த மொழிபெயர்ப்புச் சிக்கலை நான் நேரில் கண்டேன்.

நமது பழைய நூல்களும் இரண்டையும் வேறு வேறாகவே வைத்திருக்கின்றன. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, காட்டுப்பூனையாகிய வெருகை எலி, அணில் முதலியவற்றோடு சேர்த்துக் 'குட்டி' என்ற பெயருக்கு உரியதாக்குகிறது. நாயையோ பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு சேர்த்துக் 'குருளை' என்கிறது. இன்று இரண்டையும் குட்டி என்றே அழைக்கிறோம். மொழியில் அவை ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன, வீட்டில்தான் சிரமம்.

கல்லிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது. அதே 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனையும் இருக்கிறது. பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். மகாபாரதத்திலும் வரும் போலித் துறவிப் பூனையின் கதையோடு அதை இணைத்துப் பார்ப்பவர் பலர். அந்தப் பூனைக்குப் பெயர் பொறிக்கப்படவில்லை. ஒரே நூற்றாண்டு நாய்க்கு வீரத்தையும் பூனைக்குக் கள்ளத்தையும் கொடுத்துவிட்டது. கறுப்பியும் அலுமாரியின் உச்சியில் கண்மூடித்தான் அமர்ந்திருக்கிறாள். ஆனால் அது தவமுமல்ல, வஞ்சனையுமல்ல, உறக்கம்.

இலங்கைக்கு வருவோம். மகாவம்சம் கூறும் விஜயனின் கதையில், கரையிறங்கிய எழுநூறு பேருக்கும் ஒரு பெண் நாய் தென்படுகிறது. அது நாயுருவில் வந்த யக்ஷிணி என்பது கதை. அதைக் கண்ட ஒருவன், நாய் இருந்தால் அருகே ஊர் இருக்கும் என்று கருதி அதன் பின்னே செல்கிறான். வரலாறா கற்பனையா என்ற வாதம் ஒருபுறமிருக்க, நாய் என்றால் மனிதர் வாழும் ஊர் என்ற எண்ணம் அந்நூல் எழுந்த ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தீவில் வேரூன்றியிருந்தது என்பது தெளிவு.

ஆங்கிலேயர் காலத்து நாயொன்றின் கதை யாழ்ப்பாணத்தவர் சற்றுக் கசப்போடு அறிய வேண்டியது. 1904ஆம் ஆண்டின் இறுதியில் சிவில் சேவை அதிகாரியாகக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய லெனார்ட் வூல்ஃப், வால்டேரின் நூல்தொகுதிகளோடு சார்ள்ஸ் என்ற நாயையும் கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்த தொடக்க நாட்களிலேயே சார்ள்ஸ் ஒரு பூனையையும் ஒரு பாம்பையும் கொன்றது. அதனால் தம் சக வெள்ளையர் நடுவில் தமக்கு மதிப்பு உயர்ந்தது என்று வூல்ஃப் தம் தன்வரலாற்றில் எள்ளலோடு எழுதியிருக்கிறார். வால்டேரைப் படிப்பவன் என்ற குறையை நாய் ஈடுசெய்துவிட்டதாம். நாய் பூனையைக் கொல்வதில் ஒரு பெருமை இருந்த காலம் அது. அந்தப் பூனை யார் வீட்டுப் பூனை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்த்தது. 1893இல் விசர்நாய்க்கடி நோய் பற்றிய கட்டளைச்சட்டம் வந்தது. 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டம் வந்தது. நாய்க்குப் பதிவும் கட்டணமும் உண்டு, பூனைக்கு இல்லை. பதிவில்லாத கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வது நெடுங்காலம் வழமையாக இருந்தது. என் சிறுவயதில் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் நாய்பிடி வண்டி வரும் செய்தி வண்டிக்கு முன்னரே வந்துவிடும்; சிறுவர்கள் ஊர்நாய்களை வீட்டுக்குள் இழுத்துக் கதவடைப்போம். அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1973இல் மட்டும் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயினால் இறந்தனர். தடுப்பூசித் திட்டங்களின் பயனாக அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2006இல் கொல்லும் வழக்கத்தை அரசு நிறுத்தி, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முதன்மை கொடுத்தது. ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். பெயரில் நாய் இருந்தாலும் இந்த நோய் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். நாய்க்கு ஊசி போட்டுவிட்டுப் பூனையை மறந்துவிடும் வீடுகள் நம்மவர் நடுவே இன்னமும் பல.

ஆனால் பழைய வீடுகளில் நாயும் பூனையும் எப்படித்தான் வாழ்ந்தன? வீட்டின் அமைப்பே அதற்கு வழி செய்திருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்து வளவில் நாயின் இடம் படலை; பூனையின் இடம் குசினி. நாய் விறாந்தையைத் தாண்டி உள்ளே வராது. பூனை கூரை வழியாகவும் மதில் வழியாகவும் போய்வரும். இரண்டும் சந்திக்க விரும்பாவிட்டால் நாள் முழுவதும் சந்திக்காமலே இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாழ்ந்த ஜம்பட்டா வீதிப் பக்கத்து வீடுகளுக்கு வளவு இல்லை. ஆயினும் பின்முற்றமும் மதிலும் இருந்தன. அந்த மதிலைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

எங்கள் பின்மதிலுக்கு அப்பால் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. அவர்களிடம் டொமி என்ற நாய். எங்களிடம் பெயரில்லாத வரிப்பூனை ஒன்று. பூனை மதிலில் ஏறினால் டொமி கீழே நின்று தொண்டை கிழியக் குரைக்கும். 1983 ஜூலை 25ஆம் திகதி நாங்கள் உடுத்த உடையோடு வீட்டை விட்டு வெளியேறினோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பூனையைத் தேடி அழைக்க நேரமில்லை; தங்கை முகாமில் இரவெல்லாம் அதைச் சொல்லியே அழுதாள். சில வாரங்களின் பின் திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, பொருளும் இல்லை. பூனையையும் காணோம். மறுநாள் காலை அம்மா மதிலருகே நின்று எட்டிப் பார்த்தார். அங்கே டொமியின் தட்டில் பூனை சோறு தின்றுகொண்டிருந்தது. டொமி ஒரு முழத்துக்கு அப்பால் படுத்துத் தன் முறைக்காகக் காத்திருந்தது. அந்த வீட்டு அம்மையார், பூனை இரண்டு நாள் எங்கள் வெறும் வீட்டில் கத்தியதாகவும், பின்னர் தானே இறங்கி வந்ததாகவும் சொன்னார். பூனையைத் தூக்கிக் கொடுத்தார். அதன் பிறகு அது எங்களிடம்தான் இருந்தது. ஆனால் மாலையானதும் மதிலேறி அப்பக்கம் போய்விடும். அம்மா ஒருநாளும் அதைத் தடுக்கவில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோதும் இத்தகைய காட்சிகள் பல நிகழ்ந்ததாக அங்கிருந்து வந்த உறவினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாய்கள் சனத்தின் பின்னே நெடுந்தூரம் நடந்தனவாம். பூனைகள் வீட்டோடு நின்றுவிட்டனவாம். அப்படி இடம்பெயர்ந்தவர்களில் கணிசமானோர் பின்னர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் வெள்ளவத்தை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில், ஒரு வீடு நின்ற நிலத்தில் நாற்பது வீடுகள் அடுக்கப்பட்டன. படலை போயிற்று, முற்றம் போயிற்று, மதிலும் போயிற்று. வீடு தந்த இடைவெளியை இனி நாமே அமைத்துக் கொடுக்க வேண்டும்.

எப்படி அமைப்பது என்பதற்கு அறிவியலில் நல்ல வழிகாட்டல் உண்டு. குவோ என்ற சீன அறிஞர் 1930இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. எலி கொல்லும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனித்து வளர்ந்த 20இல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18இல் கொன்றவை 3 மட்டுமே. அவையும் தம்மோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. 'எலியும் பூனையும்' என்ற பிறவிப் பகைக்கே இதுதான் நிலை என்றால் நாய்க்கும் பூனைக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1969இல் மைக்கேல் ஃபொக்ஸ் என்பவர் நாய்க்குட்டிகளைத் தனித்தனியே பூனைக்குட்டிகளின் நடுவே வளர்த்துப் பார்த்தார். வளர்ந்தபின் அவை நாய்களைக் காட்டிலும் பூனைகளின் துணையையே நாடின.

நாய்க்குட்டி உலகத்தோடு எளிதில் பழகும் காலம் ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை என்பது அமெரிக்க அறிஞர்களான ஸ்கொட், ஃபுல்லர் ஆகியோரின் நெடுநாள் ஆய்வுகளால் நிலைபெற்ற கருத்து. பூனைக்குட்டிக்கு அந்தக் காலம் இன்னும் முன்னதாக, ஏறத்தாழ ஏழாம் வாரத்தோடு, முடிந்துவிடுகிறது. இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் இரண்டையும் வளர்க்கும் வீடுகளை ஆராய்ந்து 2008இல் எழுதிய கட்டுரையில், இளம் வயதில் சந்திப்பதும், நாய்க்கு முன்னர் பூனை வீட்டில் இருந்திருப்பதும் நல்லுறவுக்குத் துணை செய்வதாகக் கண்டனர். பெரும்பாலான வீடுகளில் பகை இல்லை. ஒன்றின் சைகையை மற்றது கற்றுக்கொள்வதும் உண்டு என்று அவர்கள் எழுதினர். எங்கள் குட்டி எட்டு வாரம்; பூனைகள் முந்தி வந்தவை. எனவே கணக்கு நமக்குச் சாதகம். ஆனால் ஒன்பது வயதுப் பூனைக்கு எந்தச் சாளரமும் திறந்திருக்கவில்லை. அதற்குப் பொறுமை ஒன்றே வழி.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதல் நான்கு நாட்கள் குட்டி பின்னறையில், கதவு சாத்தியபடி. அது படுத்த துவாயைப் பூனைகளின் தட்டருகேயும், பூனைகள் படுத்த துணியைக் குட்டியின் பாயிலும் வைத்தோம். முகம் அறியுமுன் மணம் அறியட்டும் என்பதற்காக. பின்னர் சாத்திய கதவின் இருபுறமும் ஒரே வேளையில் உணவு வைத்தோம். ஐந்தாம் நாள் குசினி வாசலில் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பு. பூனை தாண்டலாம், குட்டி தாண்ட முடியாது. என் பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கியிருந்த அலுமாரியின் உச்சியைப் பூனைகளுக்கு ஒப்படைத்தேன். அவற்றின் உணவும் மணல் தட்டும் குட்டி எட்டாத இடத்துக்குப் போயின. சந்திப்பு எப்போதும் சில நிமிடங்களே. குட்டியின் கழுத்தில் வார். பூனையைப் பார்த்துவிட்டு அமைதியாக முகத்தைத் திருப்பினால் அவித்த கோழித் துண்டொன்று. தடுப்பூசி அட்டைகள் மூன்றையும் மிருக வைத்தியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் நான் ஒரு பிழை செய்தேன். தொலைபேசி அழைத்தது, தடுப்பை எடுத்த கையோடு போய்விட்டேன். குட்டி பாய்ந்தது. மூலையில் அகப்பட்ட கறுப்பி அதன் மூக்கில் ஒரு கீறல் கீறிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் புகுந்தாள். ஒன்றரை நாள் ஒன்றும் உண்ணவில்லை. குட்டியின் மூக்கைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன். மிருக வைத்தியரோ பூனையைப் பற்றிக் கவலைப்பட்டார். பூனை ஓரிரு நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்தால் ஈரல் பழுதடையும் அபாயம் உண்டாம். அன்றிரவு மனைவி கறுப்பியின் அருகே நிலத்தில் படுத்துக்கொண்டு, அவித்த மீனை விரலில் எடுத்து ஊட்டினார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மீண்டும் சாத்திய கதவிலிருந்து தொடங்கினோம்.

இந்த வரலாற்றையெல்லாம் தேடிப் படித்ததில் நான் கண்டது இவ்வளவுதான். நாய்க்கும் பூனைக்கும் இடையில் பகை என்று ஒன்று பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கவில்லை. அறியாமையும் அவசரமும் ஒரு மூலையும் சேர்ந்தால் பகை உண்டாகிறது. போக வழியும் ஏற உயரமும் இருந்தால், பெரும்பாலும் அது உண்டாவதில்லை.

இன்றைய நிலை இதுதான். சாம்பலன் குட்டியின் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்துவிட்டான். இருமுறை அதன் வாலோடு விளையாடியும் இருக்கிறான். கறுப்பி இன்னும் பத்திரிகைக் கட்டுகளின் மேலிருந்து இறங்கி வர நேரம் பார்க்கிறாள். நேற்றிரவு நான் எழுந்து பார்த்தபோது குட்டி வாசற்கதவின் அருகே உறங்கியது. கறுப்பி கீழே இறங்கி வந்து, குட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்தாள். குட்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இரண்டுக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும். அந்த ஒரு முழத்தைக் குறைக்க நாங்கள் இனி முயலப் போவதில்லை.